கவிழ்ந்த படகுக்கு முதலிடம்

பிரிங்ஸ்லி நீர்த்தேக்கத்தை நீளவாக்கில் கடக்க ஒரு வாத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். அதற்காக எந்த வாத்தும் இதுவரை படிவம் நிரப்பியதில்லை. அதே தண்ணீரில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பத்தொன்பது சின்னப் பாய்மரப் படகுகள் இறங்கும்போது மட்டும் நூற்று எழுபது பக்க விதிப்புத்தகமும், அதற்குப் படகுச் சங்கம் போட்ட நாற்பது பக்க இணைப்பும், இணைப்புக்குத் திருத்தமும், திருத்தத்துக்கு விளக்கமும் கூடவே இறங்கும். தண்ணீரின் ஆழம் அதிகபட்சம் பதினெட்டு அடி. காகிதத்தின் ஆழத்தை யாரும் அளந்ததில்லை.

லயனல் ஹட்ச் இந்தச் சங்கத்தில் சேர்ந்தது அவனுடைய ரத்த அழுத்தத்துக்காக. வீடு வீடாகப் போய், சுவரலமாரியில் வைத்திருக்கும் வெந்நீர் பாய்லரைப் பழுது பார்க்கிற தொழில். எப்போதும் அடுத்தவர் வீட்டு அலமாரிக்குள் தலை. வெளிக்காற்று வாங்குங்கள், மனசுக்கு அமைதியான பொழுதுபோக்கு ஒன்றைப் பிடியுங்கள் என்றார் டாக்டர். பாவம், டாக்டர் கோல்ஃப் ஆடுகிறவர். லயனலும் மனைவி க்ளெனிஸும் ஒரு பழைய இருவர் படகை வாங்கினார்கள். அவன் சுக்கான், அவள் முன்பாய். படகு இறக்குகிற சறுக்குமேடையில் முதல் நாள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு, திருமணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அபூர்வமானது.

சிரிப்பு முதல் பந்தயத்தின் முடிவுப் பட்டியல் வரைக்கும் நீடித்தது. அவர்கள் வந்தது கடைசி. பட்டியலில் இரண்டாம் இடம். அடுத்த வாரம் உயிரைக் கொடுத்து ஓட்டி இரண்டாவதாக வந்தார்கள். பட்டியலில் பதினொன்று. பழைய மெதுவான படகுக்கு நேரச் சலுகை உண்டு, புதிய வேகமான படகுக்கு நேரக் கழிவு உண்டு. ஆகவே முதலில் வந்தவன் முதலில் வந்தவன் அல்ல. யார் முதலில் வந்தார் என்பது, கரைக் குடிசையில் உட்கார்ந்து ஹாரன் ஊதி, பாயில் உள்ள எண்ணைக் குறித்து, மடிக்கணினியைத் தட்டுகிற வின்ஃபிரெட் கோப் அம்மாள் சொன்ன பிறகுதான் கடவுளுக்கே தெரியும். காரணம் கேட்ட லயனலுக்கு, சின்னக் குழந்தைக்குச் சாவைப் பற்றி எடுத்துச் சொல்கிற பொறுமையோடு அந்த அம்மாள் விளக்கினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது என்று தலையாட்டினான்.

அதற்கும் மேலே கையெழுத்துத் தாள் ஒன்று உண்டு. கழிப்பறைக்கு வெளியே நடைவழியில், பலகையில் குத்தியிருக்கும். பக்கத்தில் நூலில் கட்டிய பேனா தொங்கும். பந்தயம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள், படகில் இருந்தவர்களில் யாராவது ஒருவர், 'விதிப்படி ஓட்டினோம்' என்ற கட்டத்திலோ 'விலகினோம்' என்ற கட்டத்திலோ கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அன்றைக்கு அந்தப் படகு ஓடவே இல்லை. படகு தீப்பிடித்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எரிய வேண்டும்.

இந்தச் சங்கத்தின் விசாரணைக் குழுவுக்குத் தலைவர் ஆப்ரி ஸ்டாண்டிஷ். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். நாற்பது வருடம் திறந்த வாய்களோடு பேசியே பழகியவர் ஆதலால், எதிராளி பதில் சொல்லக்கூடும் என்கிற எண்ணமே அவருக்கு வராது. அக்டோபரில் இரண்டு சகோதரிகள் படகோடு கவிழ்ந்தார்கள். மீட்புப் படகு மோட்டாரை முடுக்கிக்கொண்டு ஓடியது. அந்த அலையில் ஸ்டாண்டிஷின் படகு ஆடி அவருக்கு ஓர் இடம் போனது. உடனே முறையிட்டார். தன் வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதால் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு நிமிடத்தில் ஜெயித்துவிட்டுத் தலைவர் நாற்காலிக்குத் திரும்பினார். அன்றிலிருந்து ஓர் உத்தரவு: மூவர் அனுமதிக் குழு ஒப்புக்கொள்ளாமல் மீட்புப் படகின் மோட்டாரைக் கிளப்பக் கூடாது. மூவரில் ஒருவர் ஸ்டாண்டிஷ். இரண்டாமவர் குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில் இருப்பவர். மூன்றாமவர் பேசில் ரென் என்ற பழைய பஸ் ஓட்டுநர். எழுபத்து மூன்று வயது. யார் எதைக் கேட்டாலும் சரி என்பார் என்பதற்காகக் குழுவில் போட்டிருந்தார்கள்.

நவம்பர் மூன்றாவது ஞாயிறு, கடைசிச் சுற்றில் ஒரு சுழல்காற்று வந்தது. பேசிலின் மரப்படகு குப்புறச் சாய்ந்தது. மனிதர் தண்ணீரில் விழுந்தார். படகு அவரை விட்டுவிட்டுக் காற்றோடு போய்விட்டது. கை விறைக்கிற தண்ணீர். பேசில் கையைத் தூக்கினார். வழியுரிமை உள்ளவன் "ஸ்டார்போர்ட்" என்று கத்துவது பந்தய வழக்கம். பக்கத்தில் வந்த ஸ்டாண்டிஷ் மூன்று முறை கத்தினார், பேசில் விலகவில்லை, ஸ்டாண்டிஷ் பெரிய மனசு பண்ணிச் சுற்றிக்கொண்டு போனார். மீட்புப் படகில் நின்ற ஆள் ஒரு கையில் மோட்டார் கயிறும் மறு கையில் ரேடியோவுமாக அனுமதி கேட்டான். குடிசையிலிருந்து வின்ஃபிரெட் அம்மாள் பதில் சொன்னாள்: ஒருவர் பந்தயத்தில் இருக்கிறார், ஒருவர் ஸ்பெயினில் இருக்கிறார், மூன்றாமவரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை.

மூன்றாமவர் தண்ணீரில் இருந்தார்.

லயனல் யோசிக்கவில்லை. இதை மறந்துவிடக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் யோசிக்கவே இல்லை. சுக்கானைத் திருப்பினான். க்ளெனிஸ் பேசிலின் மிதவைச் சட்டையைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அவரை மூட்டை மாதிரி இழுத்துப் போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நேரே கரைக்கு ஓட்டி, ஆம்புலன்ஸை வரவழைத்து, லயனலும் அவரோடு ஏறிப் போனான். க்ளெனிஸ் வேனில் பின்தொடர்ந்தாள்; போகிற அவசரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் முடிவுப் பட்டியல் வந்தது. லயனல் ஹட்ச்: தகுதி நீக்கம். இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு மூன்று பேராகக் கரை சேர்ந்தது ஒன்று, கையெழுத்து இல்லாதது இன்னொன்று. முதலிடம்: பேசில் ரென்.

பட்டியலை க்ளெனிஸ் இரண்டு முறை படித்தாள். ஆளில்லாத படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து முடிவுக் கோட்டைத் தாண்டியிருக்கிறது. வின்ஃபிரெட் அம்மாள் ஹாரன் ஊதி, தண்ணீரில் பாதி முங்கிய பாய் எண்ணைப் பைனாகுலரில் படித்து, நேரத்தைக் குறித்திருக்கிறாள். ஏரியிலேயே மிகப் பழைய படகு. சலுகை கழித்துப் பார்த்தால் அன்றைக்கு அதைவிட வேகமாக யாரும் ஓட்டவில்லை. படகில் இருந்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி; அதில் யாருமே இல்லாததால் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

"எனக்கு இந்தப் பாயிண்டு மண்ணாங்கட்டி எதுவும் வேண்டாம்," என்றாள் க்ளெனிஸ். "அந்த மோட்டார் உத்தரவை எடுக்கச் சொல்லு. அடுத்த தடவை நாம பக்கத்துல இல்லாம போனா அந்த மனுஷன் கதி என்ன?"

அதைச் சொல்லத்தான் லயனல் சனிக்கிழமை மதியம் விசாரணைக்குப் போனான். மாடி அறை. ஈர ரப்பர் உடையும் ஈர நாயும் முந்தின நாள் பேக்கனும் சேர்ந்த வாடை, கம்பளத்தில் ஊறிப்போய்க் கிடந்தது. மேசைமேல் காந்தப் பலகை, அதில் குண்டுமணி அளவு பொம்மைப் படகுகள். ஸ்டாண்டிஷ் நடுவில், வலப்பக்கம் வின்ஃபிரெட் அம்மாள். ஓரத்தில் சாட்சியாகப் பேசில், இருமிக்கொண்டு.

"படிவத்துல 'ஒருவர் சாகக் கிடந்தார்'னு எழுதியிருக்கீங்க, மிஸ்டர் ஹட்ச்," என்றார் ஸ்டாண்டிஷ். "அது எழுதற கட்டம் இல்லை இது. நீங்க இழந்த இடம் என்னன்னு எழுதணும்."

"நான் இடத்துக்காக வரலைங்க. மோட்டார் உத்தரவைப் பத்தித்தான் பேச வந்தேன்."

"இடம் போகலைன்னா உங்களுக்குக் குறை இல்லை. குறை இல்லாதவங்க இங்க பேச விதியில வழி இல்லை. கதவு உங்களுக்குப் பின்னாடி இருக்கு."

லயனல் பேசிலைப் பார்த்தான். பேசில் இருமினார். உள்ளே நுழைய இதுதான் வாசல் என்றால் குனிந்து நுழைவோம் என்று லயனல் பேனாவை வாங்கி, 'ஐந்தாம் இடம் கிடைத்திருக்கும்' என்று எழுதினான். எழுதும்போதே, நான்காம் இடம்கூடக் கிடைத்திருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பொம்மைகளை நகர்த்திச் சம்பவத்தைக் காட்டச் சொன்னார்கள். தண்ணீரில் விழுந்த மனிதனுக்கு அந்தப் பெட்டியில் பொம்மை இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று செய்தவன் நினைக்கவில்லை. வின்ஃபிரெட் அம்மாள் தட்டிலிருந்து ஒரு கிரீம் பிஸ்கட்டை எடுத்து இரண்டாம் மிதவைக்குப் பக்கத்தில் வைத்தாள். இதுதான் மிஸ்டர் ரென் என்று பதிவு செய்துகொண்டார்கள். பேசில் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று மரியாதையாகச் சொன்னார். நகர்த்தி வைத்தார்கள்.

பிறகு பேசில் எழுந்தார். "ஐயா, நான் படகுல இல்லீங்க. அது தானாப் போச்சு. எனக்கு முதலிடம் வேண்டாம், அடிச்சிடுங்க."

"கோட்டைத் தாண்டினது படகு," என்றாள் வின்ஃபிரெட் அம்மாள். "விதியில படகு தாண்டணும்னுதான் இருக்கு. ஆள் இல்லைன்னு யாராவது ஆட்சேபிச்சிருந்தா வேற விஷயம். ஒரு மணி நேரத்துக்குள்ள யாரும் எழுதிக் குடுக்கலை."

"அப்ப நானே விலகிக்கிறேன்."

"ஒண்ணு நாப்பதுக்குள்ள கையெழுத்துப் போட்டு விலகியிருக்கணும்," என்றார் ஸ்டாண்டிஷ். "அப்ப எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில. வெள்ளிக் காகிதத்துல சுத்தி வச்சிருந்தாங்க."

"அங்க பேனா இல்லையா?"

பேசில் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். பேனா இருந்தது, தாள்தான் இங்கே இருந்தது என்றார். ஸ்டாண்டிஷ் அதைக் குறித்துக்கொண்டார். அப்புறம் கையைக் கோத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எனக்கும் நெஞ்சுல ஈரம் இருக்கு, மிஸ்டர் ஹட்ச். நான் கண்டுக்காம போகலை. மூணு தடவை குரல் குடுத்தேன், வழி விடச் சொல்லி. பதில் வரலை. ஒரு தலைதான் தெரிஞ்சுது. தலைக்குப் பாய் எண் கிடையாது. எண் இல்லாத ஒண்ணை நான் எந்த விதியில சேர்க்கிறது? இன்னைக்கு ஒருத்தர் முங்கறார்னு மோட்டாரைக் கிளப்பினா, நாளைக்கு ஆளாளுக்கு முங்குவாங்க. அப்புறம் பந்தயம்னு ஒண்ணு மிஞ்சுமா? நாம எதுக்காகத் தண்ணிக்கு வர்றோம்?"

 அவர் தேநீரை இழுத்து வைத்துக்கொண்டு குறிப்புகளைப் புரட்டினார். புரட்டியபடியே பலகையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார், தேநீரில் முக்கினார், தின்றார். மீசையில் ஒட்டிய துகளையும் துடைத்துக்கொண்டார்.  பேசில் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பைத் தட்டச்சு செய்தே கொடுத்தார்கள். காற்று மேற்கிலிருந்து வீசியது நிரூபிக்கப்பட்டது. ஹட்சின் படகு பாதை மாறியது நிரூபிக்கப்பட்டது. தண்ணீரில் ஆள் இருந்ததற்கு, தீர்ப்பின்போது மேசைமேல் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் புதிய உறுப்பினர் என்ற கருணையால் ஹட்சுக்குச் சராசரிப் புள்ளி வழங்கப்படுகிறது. அதன்படி பந்தயத் தொடரின் மொத்தக் கணக்கில் அவர் ஒன்பதாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு உயர்கிறார். மோட்டார் உத்தரவால் யாருக்கும் புள்ளி இழப்பு இல்லாததால் அதைப் பற்றிப் பேச இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

மூன்றாம் இடம். பிறந்ததிலிருந்து லயனல் எந்தத் தொடரிலும் முதல் மூன்றுக்குள் வந்ததில்லை. படியில் இறங்கும்போது காது மடல் சூடாக இருந்தது. வேனில் வரும்போது அவனே வாய் ஓயாமல் பேசினான். இன்னும் ஒரு பந்தயம்தான் பாக்கி, ஸ்டாண்டிஷ் இரண்டாம் இடத்தில் இருக்கிறார், நம் படகுக்கு உள்ள நேரச் சலுகைப்படி, அவர் கோட்டைத் தாண்டி ஒன்பது நிமிடத்துக்குள் நாம் தாண்டினால் அவரைக் கீழே தள்ளிவிடலாம்.

"உத்தரவு?" என்றாள் க்ளெனிஸ்.

அது அவர்கள் அதிகாரத்தில் இல்லையாம் என்று சொன்னான்.

"பேசிலுக்கு இருமல் நின்னுதா? டாக்டர் என்ன சொன்னாராம்?"

அவன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரம் பாய்லர் பழுது பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் லயனலின் பைக்குள் விதிப்புத்தகம் இருந்தது. குளிர்ப்பெட்டிக் கதவில் புள்ளிக் கணக்கு ஏறியது. ஸ்டாண்டிஷை அவன் வாயாரத் திட்டினான். ஆனால் திட்டும்போது விதி எண்ணோடு திட்டினான். சாக்கடையை எட்டிப் பார்க்கப் போனவன் முழங்கால் வரை இறங்கி நின்றுகொண்டு, நாற்றம் அடிக்கவில்லையே என்று ஆச்சரியப்பட்ட கதை இது. க்ளெனிஸ் வரமாட்டேன் என்றாள். தொடர் முழுக்க ஒரே ஆட்கள்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி, நீ வராவிட்டால் படகே இல்லை என்று கெஞ்சினான். சனிக்கிழமை அவள் இறங்கி வந்தாள்.

"இந்த ஒரே தடவை. ஆனா நான் விழுந்தா நீ நிக்கணும், லயனல்."

"இதைக் கேக்கவே வேணுமா?" என்றான் அவன். உண்மையாகவே மனம் நொந்துபோனான்.

டிசம்பர் முதல் ஞாயிறு. கரையோரப் புல்லில் பனி உறைந்து கிடந்தது. பேசில் படகை விற்றுவிட்டார்; முதலிடம் பெற்றவர் சங்கத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவரை அன்றைக்கு மீட்புப் படகில் உட்கார வைத்திருந்தார்கள். காதுவரை கம்பளிக் குல்லாய், கையில் ரேடியோ, பக்கத்தில் தெர்மாஸ். க்ளெனிஸ் அவருக்குக் கையசைத்தாள். லயனல் காற்றின் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நன்றாகத்தான் ஓட்டினார்கள். கடைசி மிதவையைத் திரும்பியபோது ஸ்டாண்டிஷ் கோட்டைத் தாண்டிய ஹாரன் கேட்டது. லயனல் கடிகாரத்தைத் தட்டினான். ஒன்பது நிமிடம். காற்று செத்துச் செத்துப் பிழைத்தது. ஆறு நிமிடம் போனது. ஏழு. எட்டரையில் கோடு முப்பது அடியில் இருந்தது. குடிசை ஜன்னலில் வின்ஃபிரெட் அம்மாளின் பைனாகுலர் மின்னியது. அப்போது வந்த காற்றில் பாயின் அடிக்கட்டை வீசித் திரும்பியது. க்ளெனிஸ் குனிவதற்குள் அது அவள் தோளில் பட்டு, அவள் பின்புறமாகத் தண்ணீருக்குள் போனாள்.

அவள் வெளியே தலை நீட்டி அவன் பெயரைச் சொன்னாள். கத்தவில்லை, சாப்பாட்டு மேசையில் உப்பை எடு என்பதுபோல் சொன்னாள். லயனல் கடிகாரத்தைப் பார்த்தான். அதற்கு அப்புறம்தான் அவளைப் பார்த்தான். மிதவைச் சட்டை போட்டிருக்கிறாள், நீந்தத் தெரிந்தவள், முப்பது அடிதானே, இதோ திரும்பிவிடலாம், இருபத்தைந்து விநாடி. மனதுக்குள் அத்தனையும் முறையாக, விதி எண் போட்டதுபோல் வரிசையாக வந்தது. கை சுக்கானைத் திருப்பவில்லை.

ஹாரன் ஊதியது. எட்டு நிமிடம் ஐம்பத்து மூன்று விநாடி.

அதே நேரத்தில் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. பேசில் யாரிடமும் எதையும் கேட்காமல் மோட்டார் கயிற்றை இழுத்திருந்தார். ரேடியோவில் வின்ஃபிரெட் அம்மாள் 'அனுமதி இல்லை, அனுமதி இல்லை' என்றபடி இருக்க, அந்த அலை ஏரி முழுக்கப் பரவி, பின்னால் வந்துகொண்டிருந்த மூன்று படகுகளை ஆட்டியது. மூன்றிலும் ஆட்சேபணைக்கான சிவப்புத் துணி ஒரே சமயத்தில் ஏறியது. லயனல் படகைத் திருப்பியபோது பேசில் க்ளெனிஸைத் தூக்கி உட்கார வைத்து, தன் குல்லாயைக் கழற்றி அவள் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் லயனல் பக்கம் திரும்பவில்லை.

அவன் தனியாகப் படகைக் கரையேற்றினான். என்ன சொல்வது என்று கூட்டிப் பார்த்தான். ஒவ்வொரு வாக்கியமும் ஸ்டாண்டிஷின் குரலில் வந்தது.  பெண்கள் உடைமாற்றும் அறையில் அவள் இல்லை. நடைவழியில் ஈரக் கால்தடங்கள், கையெழுத்துத் தாள்வரை வந்து, வெளிக்கதவு வழியாகப் போயிருந்தன. தாளுக்கு முன்னால் வின்ஃபிரெட் அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றாள்.

அவனுடைய படகின் வரியில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது. தண்ணீர் சொட்டி மை பரவியிருந்தாலும் க்ளெனிஸின் கையெழுத்து என்று தெளிவாகத் தெரிந்தது. 'விலகினோம்' என்ற கட்டத்தில் போட்டிருந்தாள். காரணம் எழுதுகிற கட்டத்தை இந்தச் சங்கத்தில் யாரும் நிரப்பிய வழக்கமில்லை. அவள் நிரப்பியிருந்தாள்.

'படகு கோட்டைத் தாண்டியபோது அதில் மனிதர் யாரும் இல்லை.'

"நேரத்துக்குள்ள போட்டிருக்காங்க. செல்லும்," என்றாள் வின்ஃபிரெட் அம்மாள். "ஆட்சேபணை ஏதாவது இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள எழுதிக் குடுங்க, மிஸ்டர் ஹட்ச்."

வெளியே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. லயனல் நூலில் தொங்கிய பேனாவைக் கையில் எடுத்தான். அந்த ஒரு மணி நேரமும் அதைப் பிடித்தபடியே நின்றான்.